உணவுக்கும் இனிப்புக்கும் இடையே முக்கால் மணி நேரம்: ஒரு கிறிஸ்துமஸ் விருந்தின் நிகழ்வு ஆய்வு

ஒரே குடும்பத்தின் கிறிஸ்துமஸ் விருந்தை அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. முதல் ஆண்டு விருந்தினராகப் போனேன். மறு ஆண்டு, இனிப்புகளைத் திட்டமிட உதவுமாறு அந்த வீட்டு அம்மையார் கேட்டுக்கொண்டார். ஏறக்குறைய முப்பது பேர் கூடும் விருந்து அது. கைக்குழந்தை முதல் எண்பதைக் கடந்த பாட்டி வரை எல்லா வயதினரும் இருந்தார்கள். ஓவன் ஒன்று, ஃப்ரிட்ஜ் ஒன்று, நான்கு அடுப்புகள். வீட்டில் சமைக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை.

முதல் ஆண்டு மேசையில் ஐந்து இனிப்புகளுக்குத் திட்டமிட்டிருந்தார்கள்: ஆவியில் வேகவைத்த கிறிஸ்துமஸ் புட்டிங், பழங்கள் அடுக்கிய பாவ்லோவா (அடித்த முட்டை வெள்ளையும் சர்க்கரையும் கொண்டு சுட்ட ஓடு), மரக்கட்டை வடிவச் சாக்லெட் கேக், அன்னாசி ஜெல்லி, ஐஸ்கிரீம். நடுவில் அலங்காரத்துக்கு ஒரு ஜிஞ்சர்பிரெட் வீடு, அதாவது இஞ்சி பிஸ்கெட்டால் கட்டிய குட்டி வீடு. இவற்றில் பெரும்பாலானவை வீணாயின. மறு ஆண்டும் ஏறத்தாழ அதே பட்டியல்தான், ஆனால் தட்டுகள் காலியாயின. செய்முறைகளில் பெரிய மாற்றம் இல்லை. எந்த வேலையை எந்த நேரத்தில் செய்வது என்பதைத்தான் மாற்றினோம். பண்டிகை இனிப்புகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அழகையும் சுவையையும் மட்டும் பேசுகிறார்கள். பெரிய கூட்டத்துக்குச் செய்யும்போது இனிப்பைத் தீர்மானிப்பது கடிகாரமே என்பது என் உறுதியான கருத்து. அதற்கு இந்த விருந்தைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

நடந்தது என்ன?

முதல் ஆண்டு, இரவு எட்டு மணிக்குப் பந்தி தொடங்கியது. ஒன்பதரைக்குச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்தார்கள். முதல் இனிப்பு மேசைக்கு வந்தபோது மணி பத்தேகால். அந்த முக்கால் மணி நேரமும் சமையலறையில் நான்கு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். புட்டிங் இன்னும் சூடேறவில்லை. அதன் மேல் ஊற்றிய பிராந்தி தீப்பற்ற மறுத்தது. கிரீமையும் பழங்களையும் மாலையிலேயே ஏற்றி வைத்த பாவ்லோவா, ஃப்ரிட்ஜைத் திறந்தபோது சர்க்கரைப் பாகில் மிதந்தது. கேக்கைச் சுருட்டும்போது அது நான்கு இடங்களில் வெடித்திருந்தது. அதை மறைக்க ஊற்றிய சாக்லெட் பூச்சோ உறையாமல் தட்டில் வழிந்துகொண்டிருந்தது. ஜெல்லி சாறாகவே இருந்தது. ஐஸ்கிரீம் கல்லாக இறுகியிருந்ததால் முப்பது பேருக்குச் சுரண்டிப் பரிமாறுவதற்குள் முதலில் எடுத்துவைத்த கிண்ணங்கள் உருகிவிட்டன.

இதைவிட வருத்தமானது கூடத்தில் நடந்தது. சிறுவர்களில் பாதிப்பேர் சோபாவிலேயே தூங்கிவிட்டார்கள். பாட்டி மருந்து சாப்பிடும் நேரம் கடந்துவிட்டதால் இனிப்பைத் தொடாமலே படுக்கப் போனார். கிறிஸ்துமஸ் இனிப்பை ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருப்பவர்கள் இந்த இரு தரப்பினரும்தான். அவர்களுக்கு அது கிடைக்கவில்லை என்பதே அந்த இரவின் உண்மையான தோல்வி.

ஒவ்வொரு பண்டத்துக்கும் தனித்தனியே காரணம் சொல்லலாம், சொல்லத்தான் போகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒரே காரணம். ஐந்து இனிப்புகளுமே கடைசி நிமிடத்தில் ஒரு கையையோ ஓர் அடுப்பையோ கேட்டன. முப்பது பேர் சாப்பிட்டு எழும் வீட்டில் அந்த நேரத்தில் ஒழிந்த கையும் இருக்காது, ஒழிந்த அடுப்பும் இருக்காது. ஆகவே மறு ஆண்டுக்கு ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டோம்: பந்தி முடிந்தபின் கைவேலை கேட்கும் இனிப்பு ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. மற்ற எல்லாம் அதற்கு முன்பே முடிந்து காத்திருக்க வேண்டும்.

புட்டிங்

உலர் திராட்சை, ஆரஞ்சுத் தோல், பட்டை, ஜாதிக்காய், ரொட்டித்தூள், முட்டை, கொழுப்பு ஆகியவற்றைக் கலந்து மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கும் இந்தப் பண்டம் முன்கூட்டியே செய்வதற்கென்றே உருவானது. இங்கிலாந்தில், கிறிஸ்துமஸுக்காகத் தயாராகும் திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தினர் எல்லோரும் ஒரு முறை கிளறிவிட்டு இதைத் தயாரிப்பது மரபு. பண்டிகைக்கு நான்கு வாரங்களுக்கும் மேல் இருக்கும்போதே அவர்கள் வேலையை முடித்துவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் பழங்களின் சாறும் மசாலா மணமும் மாவு முழுவதும் பரவி, காரமான முனைகள் மழுங்கி, சுவை ஒன்றுகூடுகிறது. திட்டமிடல் பற்றி எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம் இந்த மரபில் இருக்கிறது.

முதல் ஆண்டு இந்த வீட்டிலும் புட்டிங்கை முன்பே செய்துவிட்டார்கள். ஆனால் மறுபடி சூடாக்கத் தேவையான நேரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் கிண்ணத்தில் செய்த புட்டிங்கின் நடுப்பகுதி வரை சூடு போய்ச்சேர ஆவியில் சுமார் இரண்டு மணி நேரம் வேண்டும். பந்தி பாதி நடக்கும்போது அடுப்பில் ஏற்றினால் வெளிப்புறம் சுடும், உள்ளே குளிர்ந்தே கிடக்கும். மறு ஆண்டு, விருந்தினர் உட்காருவதற்கு முன்பே அதை ஆவியில் ஏற்றிவிட்டோம். இதில் ஒரு பெரிய வசதி உண்டு. ஈரமும் சர்க்கரையும் நிறைந்த பண்டம் என்பதால், கூடுதலாக ஒரு மணி நேரம் ஆவியில் இருந்தாலும் புட்டிங் கெடாது. பாத்திரத்தில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே கவலை. நான்கு அடுப்புகளில் ஒன்று மாலை முழுவதும் இதற்கே போய்விடும் என்பதை ஏற்றுக்கொண்டு, மற்ற சமையலை மூன்று அடுப்புகளுக்குள் அடக்கினோம்.

மைக்ரோவேவில் சூடாக்க நினைப்பவர்கள் துண்டுகளாக நறுக்கி, சிறிது சிறிதாகச் சூடாக்க வேண்டும். சர்க்கரை மிகுந்த பகுதிகள் மிக விரைவில் கருகிவிடும். புட்டிங்குக்குள் நாணயம் மறைத்துவைக்கும் வழக்கமுள்ள வீடு என்றால் மைக்ரோவேவை நினைக்கவே வேண்டாம்.

பிராந்தி ஏன் பற்றவில்லை? 40 சதவீத ஆல்கஹால் உள்ள பானம் தீப்பற்றும் அளவுக்கு ஆவியை வெளியிட ஏறத்தாழ 26 டிகிரி செல்சியஸ் வெப்பமாவது வேண்டும். குளிர்ந்த அறையில், குளிர்ந்த புட்டிங்கின் மேல், குளிர்ந்த பிராந்தியை ஊற்றினால் தீக்குச்சிகள்தான் தீரும். சிறிய கரண்டியில் மிதமாகச் சூடாக்கி, பற்றவைத்து, பிறகு ஊற்ற வேண்டும். பாட்டிலிலிருந்து நேரடியாகத் தீயின் மேல் ஊற்றுவது ஆபத்து. தீ பாட்டிலுக்குள் ஏறிவிடக்கூடும்.

இதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. எரிந்து அடங்கிவிட்டால் ஆல்கஹால் போய்விட்டது என்று பலர் நம்பிக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்ட அட்டவணைப்படி, தீயிட்டு எரித்த உணவில் ஆல்கஹாலின் முக்கால் பங்கு அப்படியே தங்கிவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் சிறுவர்கள் இருந்தார்கள், ஒரு கர்ப்பிணி இருந்தார், மதுவைத் தொடாதவர்களும் இருந்தார்கள். எனவே மறு ஆண்டு பெரிய புட்டிங்கின் பழங்களை ஆரஞ்சுச் சாற்றிலும் திடமான தேநீர் வடிநீரிலும் ஊறவைத்தோம். மதுவின் காப்பு இல்லாததால் அது ஃப்ரீசரில் காத்திருந்தது. விரும்பியவர்களுக்காகப் பிராந்தி சேர்த்த சிறிய புட்டிங் ஒன்று தனித் தட்டில், தனிக் கரண்டியுடன் இருந்தது. கொழுப்பிலும் ஒரு மாற்றம் செய்தோம். மரபான செய்முறையில் சேர்வது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு. மாட்டுக் கொழுப்பை உண்ணாதவர்களையும் மனத்தில் கொண்டு உறைந்த வெண்ணெயைத் துருவிச் சேர்த்தோம். மரபான புட்டிங்கின் தளர்வான உள்ளமைப்பு சற்றுக் குறைந்தது உண்மை. அதற்காக யாரையும் ஒதுக்கிவைப்பதைவிட இது மேல்.

பாவ்லோவா

என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான கிறிஸ்துமஸ் இனிப்பு இதுதான். ரஷ்ய நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவா 1926-இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடனப் பயணம் மேற்கொண்டார். அவர் பெயரைத் தாங்கிய இந்தப் பண்டத்தை யார் முதலில் செய்தார்கள் என்று இரு நாட்டினரும் இன்னும் உரிமை கொண்டாடுகிறார்கள். அங்கே கிறிஸ்துமஸ் கோடையில் வருகிறது. அதனால் குளிர்ந்த கிரீமும் புளிப்புப் பழங்களும் ஏந்திய இந்த இனிப்பு அவர்களின் பண்டிகை மேசையில் இயல்பாக இடம்பிடித்துவிட்டது. கனமான சாப்பாட்டுக்குப் பிறகு எந்த ஊரில் இருப்பவருக்கும் இது பொருந்தும்.

அடித்த முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்ந்து காய்ந்த ஓடுதான் பாவ்லோவா. சர்க்கரை ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. கிரீம், பழச்சாறு, ஃப்ரிட்ஜின் ஈரக்காற்று என எங்கிருந்து ஈரம் கிடைத்தாலும் ஓடு அதைக் குடித்துக் கரையத் தொடங்கிவிடும். மாலை ஆறு மணிக்குக் கிரீம் ஏற்றியது இரவு பத்து மணிக்குப் பாகானதில் வியப்பில்லை.

மறு ஆண்டு ஓட்டை முந்தைய நாளே செய்தோம். 6 முட்டை வெள்ளைக்கு 330 கிராம் பொடிச் சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி சோள மாவு, ஒரு தேக்கரண்டி வினிகர். சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து, விரலிடையே தேய்த்தால் நறநறப்பு தெரியாத வரை அடிக்க வேண்டும். கரையாமல் நின்ற சர்க்கரைத் துகள்கள்தான் பின்னர் ஓட்டின் மேல் பாகுத் துளிகளாக வியர்க்கின்றன. 120 டிகிரியில் ஒன்றே கால் முதல் ஒன்றரை மணி நேரம். பிறகு ஓவனை அணைத்து, உள்ளேயே ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் வெடிக்கும். ஆறிய ஓட்டைக் காற்றுப் புகாத பெட்டியில், ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைக்க வேண்டும்.

பந்திக்குப் பின் அனுமதித்த ஒரே கைவேலை இதற்குத்தான். ஓட்டை மேசை நடுவில் வைத்து, அடித்துத் தயாராக இருந்த கிரீமைக் கொட்டி, பழம் அடுக்கும் வேலையைச் சிறுவர்களிடம் கொடுத்துவிட்டோம். அதிகம் இனிப்பில்லாத கிரீமும், நன்றாகப் புளிக்கும் ஸ்ட்ராபெர்ரி, பேஷன் பழம் போன்றவையும் வேண்டும். ஓட்டிலேயே சர்க்கரை மிகுதி என்பதால் இனிப்பான பழம் இங்கே எடுபடாது. ஐந்தே நிமிடங்களில் வேலை முடிந்தது. தூங்கிவழிந்த முகங்கள் எல்லாம் மேசையைச் சுற்றி நின்றன.

காற்றில் ஈரம் மிகுந்த இடங்களில் இந்த ஓடு மொறுமொறுப்பாக நிற்காது. அங்கே அதோடு போராட வேண்டாம். ஓட்டைக் கையால் உடைத்து, கிரீமோடும் பழங்களோடும் கலந்து கிண்ணங்களில் பரிமாறிவிடலாம்.

மரக்கட்டைக் கேக்

ஐரோப்பிய வீடுகளில் கிறிஸ்துமஸ் இரவில் அடுப்பங்கரையில் பெரிய மரக்கட்டை ஒன்றை எரியவிடும் பழைய வழக்கத்தின் நினைவாக உருவான கேக் இது. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் பரவியது. மெல்லிய தகடாகச் சுட்ட கேக்கைச் சுருட்டி, சாக்லெட் பூசி, முட்கரண்டியால் பட்டைபோலக் கோடு இழுப்பார்கள்.

சூடாக இருக்கும்போது கேக் வளையும், ஆறினால் மாவுச்சத்து இறுகிவிடும். முதல் ஆண்டு ஆறவைத்துச் சுருட்டினார்கள், அதனால் வெடித்தது. ஓவனிலிருந்து எடுத்தவுடன் ஐசிங் சர்க்கரை தூவிய துணியில் கவிழ்த்து, துணியோடு சேர்த்துச் சுருட்டி, அப்படியே ஆறவிட வேண்டும். பிறகு விரித்து உள்ளே கிரீம் தடவி மறுபடி சுருட்டினால் அது தன் வளைவை நினைவில் வைத்திருக்கும். 190 டிகிரியில் பத்து முதல் பன்னிரண்டு நிமிடங்களே போதும். கூடுதலாக இரண்டு நிமிடம் விட்டாலும் ஓரங்கள் காய்ந்து உடையும். ஓரிரு வெடிப்பு விழுந்தாலும் கலங்க வேண்டாம், மரப்பட்டையில் வெடிப்பு இருப்பதுதானே இயல்பு!

பூச்சு வழிந்ததற்கும் அவசரமே காரணம். சம அளவு சாக்லெட்டும் கிரீமும் சேர்ந்த பூச்சு, கத்தியில் எடுத்தால் விழாத பதத்துக்கு ஆறிய பின்பே தடவ வேண்டும். மறு ஆண்டு இந்தக் கேக்கை இரண்டு நாள் முன்பே முழுமையாக முடித்து ஃப்ரீசரில் வைத்தோம். விருந்தன்று காலை ஃப்ரிட்ஜுக்கு மாற்றினோம், பந்தி தொடங்கும்போது வெளியே எடுத்தோம். அதன்பின் வேலை எதுவும் இல்லை.

ஜெல்லியும் ஐஸ்கிரீமும்

ஜெல்லி உறையாததற்கு வேகவைக்காத அன்னாசிதான் காரணம். அதிலுள்ள புரோமலின் என்ற நொதி ஜெலட்டினின் புரதத்தை வெட்டிவிடும். வேகவைக்காத பப்பாளி, கிவி ஆகியவற்றிலும் இதே தொல்லை உண்டு. டப்பாவில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே சூடேறியதால் அதில் இந்த நொதி செயலிழந்திருக்கும். ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவது என்பதால் அதை உண்ணாதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். கடற்பாசியிலிருந்து வரும் அகர் அகருக்கு மாறினோம். தண்ணீரில் நன்கு கொதிக்கவிட்டு, அதன்பிறகே பழச்சாற்றைச் சேர்க்க வேண்டும். புளிப்பான சாற்றோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் உறையும் திறன் குறையும். அகர் அகர் அறை வெப்பத்திலேயே உறையும், மேசையில் உருகாது.

ஐஸ்கிரீமை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ட்ரைஃபிள் வைத்தோம். கண்ணாடிக் குவளையில் கேக் துண்டு, பழம், கஸ்டர்ட், கிரீம் என அடுக்கும் இந்த இனிப்பு ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் ஊறினால்தான் முழுச்சுவை பெறும். பெரிய கூட்டத்துக்கு ஒரே ஒரு இனிப்பைத்தான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். தனித்தனிக் குவளையில் இருப்பதால் பரிமாறுவதற்கும் ஆள் வேண்டாம்.

கஸ்டர்டில் கவனிக்க வேண்டியது ஒன்று. 600 மில்லி பாலுக்கு 4 மஞ்சள் கரு, 75 கிராம் சர்க்கரை, 30 கிராம் சோள மாவு. கெட்டியானவுடன் இறக்கிவிடாமல், குமிழி விட்டு ஒரு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். மஞ்சள் கருவில் மாவுச்சத்தைச் சிதைக்கும் ஒரு நொதி இருக்கிறது. அது கொதியில் அழியாவிட்டால், இரவு கெட்டியாக இருந்த கஸ்டர்ட் காலையில் நீர்த்துப்போயிருக்கும். சோள மாவு சேர்ந்திருப்பதால் இந்தக் கொதியில் முட்டை திரிந்துபோகாது.

அந்தக் குடும்பத்தில் முட்டை ஒவ்வாத சிறுமி ஒருத்தி இருந்தாள். முதல் ஆண்டு அவளுக்கு ஐஸ்கிரீமைத் தவிர வேறு எதுவும் இல்லை. மறு ஆண்டு அவளுக்கான குவளைகளை முட்டையில்லாத கேக்கும் கஸ்டர்ட் பவுடரும் கொண்டு செய்தோம். 1837-இல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற வேதியியலாளர் சோள மாவைக் கொண்டு கஸ்டர்ட் பவுடரைக் கண்டுபிடித்ததே, தன் மனைவிக்கு முட்டை ஒவ்வாது என்பதற்காகத்தான். அந்தச் சிறுமிக்கென்று அடையாளமாக ஒரு குவளையைத் தனியே வைக்கவில்லை. ஒரு தட்டு நிறைய அதே வகையைச் செய்து, கரண்டிகளையும் பிரித்து, அவளோடு அவள் ஒத்த வயதினர் எல்லோரும் அதையே சாப்பிடும்படி செய்தோம். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு உணவு கொடுப்பது ஒன்று, மற்றவர்களோடு சேர்ந்து உண்ணவைப்பது வேறு. இரண்டாவதைத்தான் நாம் செய்ய வேண்டும்.

டென்மார்க்கில் அரிசியும் கிரீமும் சேர்ந்த குளிர்ந்த புட்டிங்கில் ஒரு முழுப் பாதாமை மறைத்துவைத்து, அது யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்குப் பரிசு கொடுப்பார்கள். அதையும் யோசித்தோம். சிறு குழந்தைகளின் தொண்டையில் முழுப் பருப்பு சிக்கக்கூடும் என்பதால் விட்டுவிட்டோம். பெரியவர்கள் மட்டும் கூடும் விருந்துக்கு அது மிக நல்ல யோசனை.

ஜிஞ்சர்பிரெட் வீட்டை முதல் ஆண்டு யாரும் உடைக்கத் துணியவில்லை. மறு ஆண்டு அதே மாவில் தட்டையான பிஸ்கெட்டுகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையின் பெயரை எழுதினோம். ஈரம் குறைந்த பிஸ்கெட் என்பதால் ஒரு வாரம் முன்பே செய்து டப்பாவில் வைக்க முடிந்தது. பெரியவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே குழந்தைகள் கைக்கு அவை போய்விட்டன.

மறு ஆண்டு விருந்தின் முடிவு

பந்தி முடிந்து பத்து நிமிடங்களுக்குள் எல்லா இனிப்புகளும் மேசைக்கு வந்துவிட்டன. பாட்டி புட்டிங்கும் கொஞ்சம் பாவ்லோவாவும் சாப்பிட்டார். முதலில் தீர்ந்தது பாவ்லோவா. வயிறு நிறைந்தபின்னும் இனிப்புக்கு இடம் இருப்பதற்குக் காரணம், உண்ட சுவையின் மீதுதான் நமக்குச் சலிப்பு ஏற்படுகிறது என்பதும், புதிய சுவை அந்தச் சலிப்பைத் தாண்டிவிடுகிறது என்பதும் உணவு ஆய்வாளர்கள் நன்கறிந்த செய்தி. காரமும் கொழுப்பும் மிகுந்த விருந்துக்குப் பின் புளிப்பும் குளிர்ச்சியும் உள்ள பண்டம் முந்திக்கொள்வது இதனால்தான். கிரீம், கஸ்டர்ட் சேர்ந்த குவளைகளை ஒரேயடியாக வெளியே வைக்காமல் இரண்டு தவணைகளாக எடுத்தோம். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த பால் பண்டத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

குறைகளும் இருந்தன. அகர் அகர் ஜெல்லி பாதிக்கு மேல் மீந்தது. அது ஜெலட்டின்போலத் துள்ளாது, வாயில் கரையாது, நொறுங்கும். முப்பது ட்ரைஃபிள் குவளைகள் முந்தைய இரவு ஃப்ரிட்ஜை முழுவதுமாக அடைத்துக்கொண்டதால், பானங்களைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டுக்கு ஜெல்லியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, ட்ரைஃபிளைப் பாதி குவளைகளிலும் மீதியை ஒரே பெரிய கண்ணாடிக் கிண்ணத்திலும் செய்யலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மீந்த புட்டிங்கை மறுநாள் காலை வில்லைகளாக நறுக்கி, வெண்ணெயில் இருபுறமும் முறுகும்வரை வாட்டி, காப்பியோடு கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு புட்டிங்கை இன்னும் ஒரு கிண்ணம் கூடுதலாகச் செய்யப்போவதாக வீட்டு அம்மையார் சொல்லியிருக்கிறார்.